இந்தக் கோட்டைப் போட்டது யார்?

தாடை கோணிய நண்பர் ஒருத்தரின் அறுவைக்காக எடுத்த ஸ்கேனைத் திரையில் பார்த்தேன். மண்டையோட்டின் குறுக்கே ஒரு தளம், அதற்குச் செங்குத்தாக ஒரு நடுக்கோடு. அதிலிருந்து மோவாய் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று கணக்கு. "இந்தக் கோட்ட யாரு போட்டா?" என்றார் நண்பர். கேள்வி என்னை விடவில்லை.

காதுத் துளையின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் அதன் பெயர் பிராங்க்பர்ட் தளம். 1884இல் ஜெர்மன் மானிடவியலாளர்கள் செய்துகொண்ட உடன்பாடு. மண்டையோடுகளை ஒரே கிடையில் வைத்து ஒப்பிட, இனம் பிரிக்க. 1890களில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம்ம சனங்களின் மூக்கையும் தலையையும் அளந்து சாதிவாரியாகப் பட்டியலிட்டதும் இதே அறிவியலின் பேரில்தான். 1931இல் கிளீவ்லாந்தில் பிராட்பென்ட், மண்டையோட்டை அளக்கும் கருவியை உயிருள்ள தலைக்கேற்ப மாற்றி எக்ஸ்ரேயோடு சேர்த்தார். தளமும் கூடவே மருத்துவத்துக்குள் வந்துவிட்டது.

அளவே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எலும்பை எங்கே வெட்டுவது, எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு எண் வேண்டும்தான். ஆனால் பிறவியிலேயே ஒரு காது கீழிறங்கியவருக்கு அந்தத் தளமே சாய்ந்துவிடும். கோணல் அளவுகோலுக்குள் ஒளிந்துகொள்ளும்.

தலையின் இயல்பான நிலையையே ஆதாரமாகக் கொள்ளலாம் என்று 1958இல் மூரீஸும் கீனும் எழுதினார்கள். அந்த நிலையைப் பிடிக்க, எதிரே கண்ணாடி வைத்துத் தன் கண்களையே பார்க்கச் சொல்வதுண்டு. இங்கேயும் 'இயல்பு' என்ற சந்தேகத்துக்குரிய சொல் வருது. ஆனா இது அளக்கிறவரின் இயல்பு இல்லை. அளக்கப்படுகிறவர் தானாக நிற்கிற நிலை.