கல்லச்சில் பிரெஞ்சு அரச உடைகள்

1820இல் பாரிசில் டெல்பெக்கின் கல்லச்சகம் வெளியிட்ட, ஓவியர் இப்போலித் லெகோந்த்தின் 380 படங்கள் அடங்கிய தொகுப்பு, 1200 முதல் 1820 வரை பிரெஞ்சு முடியாட்சியில் வழங்கிய உடைகளைக் காலவரிசையில் காட்டுகிறது. பதினாறாம் லூயி 1793இல் தலை வெட்டப்பட்டு, அதே ஆண்டில் சேன் தெனி தேவாலயத்து அரச கல்லறைகளும் உடைக்கப்பட்ட நாட்டில், 1814இல் அரியணைக்கு மீண்ட பூர்போன் மரபினர்க்குத் தம் தொடர்ச்சியைக் காட்டும் தேவை இருந்ததால், இத்தகைய தொகுப்பு அந்நாளில் தோன்றியது வியப்பன்று.

ஜெர்மானியரான செனஃபெல்டர் கண்டறிந்து, 1816 அளவில் எங்கெல்மன் முதலியோரால் பாரிசில் வேரூன்றிய கல்லச்சு, வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கோலால் வரைந்து, கல்லை நனைத்து மையுருளையை உருட்டும்போது, ஈரம் மையை விலக்க, கொழுப்புக் கோடு மட்டும் மையைப் பற்றும் இயல்பைக் கொண்டு செய்யப்படுவது. கல் தந்தது கறுப்பு ஒன்றே. நிறங்களை நீர்வண்ணத்தால் தாள்தோறும் கையாலேயே தீட்டினர். முடிசூட்டு மேலங்கியின் உட்புறமாக அமையும் எர்மின் என்ற வெண்மென்மயிர்த் தோலுக்குத் தாளின் வெண்மையே போதும். அதில் தைத்த கருவால் நுனிகளைக் கல்லின் மை தந்துவிடும். வெளிப்புற நீலத்தையும், அதில் இறைந்து கிடக்கும் லில்லி மலர்களின் பொன்னிறத்தையும் தூரிகைதான் தர வேண்டும். அந்த நீலம் படிக்குப் படி மாறக்கூடியது.

பழைய அரசர்களின் உருவை அறிய ஓவியர்க்குக் கல்லறைச் சிற்பங்களும், அவற்றைப் பார்த்து முன்னோர் வரைந்து வைத்த படங்களுமே துணை. கல்லறைகளையும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் ஆளமர்த்திப் படியெடுக்கச் செய்து, அத்திரட்டை 1711இல் அரசர்க்கு அளித்த கெஞ்ஞியேர் என்ற தொல்பொருள் ஆர்வலர் இல்லையெனில், பின்னர் அழிந்த பல கல்லறைச் சிற்பங்களின் உடைவடிவு இன்று நமக்குக் கிட்டியிராது. அவருடைய உழைப்பு போற்றுதற்குரியது.

பழைய உடையைப் பிற்காலத்தார் தம் நோக்கிலேயே காண்பதும் உண்டு. 1829 மார்ச் 2 அன்று பாரிசின் துயிலெரி அரண்மனையில், பூர்போன் அரசகுடும்பத்துப் பெரி கோமகள் 16ஆம் நூற்றாண்டு அரசி மேரி ஸ்டூவர்ட்டாக வேடமிட்ட நடனவிழாவை ஓவியர் இயூஜேன் லாமி கல்லச்சில் பதிந்தார். வண்ணம் கையால் ஏற்றப்பட்ட அப்படங்களில் தெரிவது 16ஆம் நூற்றாண்டின் உடையன்று, அதை 1829இன் தையற்காரர் புரிந்துகொண்ட விதம். மறு ஆண்டே பூர்போன் முடியாட்சி வீழ்ந்தது. 1837இல் எங்கெல்மன் பலவண்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றபின் கைவண்ணத்தின் தேவையும் படிப்படியாகக் குறைந்தது.

ஆகவே இப்படங்களைச் சான்றாகக் கொள்வோர்க்கு, தொலைவான நூற்றாண்டுகளைப் பொறுத்தவரை நிறத்தைவிடக் கோட்டையே நம்புவதும், ஓர் அரசரின் உடைநிறத்தை எழுதுமுன் ஒரே படத்தின் இரு படிகளையேனும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் கடமையாகும்.