ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்: மரச்சக்கரமும் இரும்புச் சக்கரமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பெரிய தேர் ஆண்டுதோறும் ஆடிப்பூரத்தன்று நான்கு ரத வீதிகளையும் வலம் வருகிறது. ஆண்டாளும் ரெங்கமன்னாரும் இதில் எழுந்தருள்கின்றனர். தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களுள் இதுவும் ஒன்று. வடம் பிடிக்க இராஜபாளையத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவர். இன்று காலையில் புறப்படும் தேர் அன்றே நிலைக்கு வந்துவிடுகிறது. முன்பு அப்படி இல்லை. நிலை சேர நாட்கணக்கில் ஆகும். தேர் நடுவீதியில் நின்றுவிட்டால் ஊரே அதைச் சுற்றித்தான் போய்வர வேண்டும்.

மரச்சக்கரக் காலம்

தேர் தாமதித்ததற்குப் பக்தர்களின் பலக்குறைவு காரணமல்ல, சக்கரமே காரணம். மரச்சக்கரம் வெயிலில் காய்ந்து வெடிக்கும், மழையில் ஊறிப் பருக்கும். ஆண்டில் ஒரு நாள் ஓடி, மற்ற நாளெல்லாம் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நிற்பதால் வட்டமும் சிறிது சிறிதாகக் கெடும். மர அச்சு உராய்ந்து தேயும். போதாக்குறைக்கு மண் வீதி. ஒரு மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். புதைந்த தேரைப் பின்னாலிருந்து நெம்பித்தான் கிளப்ப வேண்டும்.

தேருக்குத் திருப்பும் கருவி கிடையாது. அந்த வேலையைச் செய்வது முட்டுக்கட்டை. ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டையை வலச் சக்கரத்தின் முன் வைத்தால், அந்தப் பக்கம் தயங்கும், இடப்பக்கம் முன்னேறும், தேரின் முகம் வலப்புறம் திரும்பும். தேர் வலமாகச் சுற்றுவதால் நான்கு முனைகளிலும் வலப்புறத் திருப்பம்தான். நிறுத்துவதற்கும் இதே கட்டைதான். உருளும் சக்கரத்துக்கு அருகே குனிந்து, சரியான நொடியில் கட்டையைக் கொடுத்துக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். தேரோட்டத்தில் உயிரைப் பணயம் வைப்பவர் இவரே. வடம் பிடிப்பவர் கண்ணுக்கு இவர் தெரிவதே இல்லை.

திருவாரூர் காட்டிய வழி

திருவாரூர் ஆழித் தேர் 1926-இல் தீக்கிரையாகி, 1930-இல் மீண்டும் ஓடியது. 1948-க்குப் பின் நின்றுபோனது. 1970-இல் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகே மறுபடியும் ஓடியது. பின்னாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கும் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன.

இந்த பிரேக்கின் அடிப்படை, மாணவர்கள் பாடத்தில் படிக்கும் பாஸ்கல் விதி. மூடிய குழாயிலுள்ள எண்ணெயில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். சிறு உருளையில் கொடுக்கும் சிறு விசை, பெரிய உருளையில் பெரு விசையாகிச் சக்கரத்தைப் பிடிக்கிறது. இரும்பு வைத்தால் மரபு கெடும் என்பாரும் உண்டு. வருடக்கணக்கில் ஓடாமல் நிற்கும் தேரால் மரபுக்கு என்ன லாபம் என்பது என் எண்ணம். அதற்காக முட்டுக்கட்டை போய்விடவில்லை. திருப்பத்துக்கு இன்றும் அதுவே துணை. திருவாரூரில் வீதி முனைகளில் இரும்புத் தகடு பரப்பி, கிரீஸ் தடவி, சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புகின்றனர்.

பராமரிப்பு

திருவிழாவுக்கு முன் அச்சு, சக்கரம், பிரேக், மரத்தட்டுகள், வடம் ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பொதுப்பணித் துறைப் பொறியாளர்களின் சான்றும் பெறப்படுகிறது. இவற்றில் எளிதில் கவனம் தவறுவது வடம். பழைய கயிறு வெளியே நன்றாகத் தெரியும், உள்நார் இற்றுப்போயிருக்கும். 2024 ஜூனில் திருநெல்வேலி நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்து தேர் நின்றது.

கீழே சக்கரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் மேலே உயரம். மூங்கிலும் தேர்ச்சீலையும் கட்டி அலங்கரித்ததும் தேரின் உயரம் வெகுவாகக் கூடிவிடும். 27.4.2022 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். அங்கே சக்கரத்திலோ வடத்திலோ பழுதில்லை. தேர் வரும் வீதியில் கம்பிகளைக் கழற்றுவதும், தேர் கடந்து செல்லும்வரை மின்சாரத்தை நிறுத்துவதும் அச்சுக்கு மசகு இடுவதைப் போலவே தேரோட்ட வேலைகளில் சேர்ந்தவை.