மூன்றாவது ஆள்

சித்தையன்கோட்டையில் விடியுமுன்னே மில் வேன் வந்து நிற்கும். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலைபார்த்த என் அத்தை நேரத்தை மணிக்கணக்கில் சொல்லமாட்டாள். 'ஒரு ஷிப்டு', 'ஒன்றரை ஷிப்டு' என்பாள். எட்டு மணி ஒன்று, பன்னிரண்டு மணி ஒன்றரை. இந்தப் பின்னத்துக்குள் நூறாண்டு வரலாறு கிடக்கிறது.

ஆலைக்குள் மின்விளக்கு வந்ததும் வேலைநாள் சூரியனிடமிருந்து விடுபட்டது. 1911 சட்டம் பஞ்சாலை ஆண்களுக்கு 12 மணிநேரம் என வரம்பிட்டது. 1919 வாஷிங்டன் மாநாடு வாரம் 48 மணி என்றது, பிரிட்டிஷ் இந்தியாவுக்கோ 60 (காலனி உடம்பு கூடுதலாகத் தாங்கும் போலும்!). 1922இல் அந்த 60 சட்டமாகி, 1934இல் 54, 1946இல் 48 எனக் குறைந்தது.

நேரம் குறைந்ததால் வேலை பெருகியதா? இருக்கிற வேலையைப் பங்குபோட்டால் ஆள் கூடும் என்ற கணக்கு இயந்திரத்தை மறந்துவிடுகிறது. முதலாளிக்கு வேண்டியது கதிர் நிற்காமல் சுற்றுவது. வேலைநாள் எட்டாகச் சுருங்கியபோது 24 மணியை மூன்றாக வெட்டி ஓட்ட முடிந்தது. ஒரே இயந்திரத்துக்கு மூன்று ஆள். ஆனால் அந்த மூன்றாவது ஆள் ஆண். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, மாலை 7 முதல் காலை 6 வரை பெண்களை வேலைக்கு வைக்கத் தடைவிதித்தது. 'பாதுகாப்பு' என்ற சொல்லாடல்தான். பஞ்சாலைகளில் பெண்கள் குறைந்துபோனதற்குப் பிரசவ உதவிச் செலவு முதலான காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சமத்துவத்தின் வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலகட்டத்தில்தான் திண்டுக்கல், கோவை, ஈரோடு ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' பரவியது. விடுதியில் இளம்பெண்கள், ஒப்பந்த முடிவில் மொத்தமாக ஒரு தொகை. ஆலை வளாகத்துக்குள்ளேயே தூங்குகிறவளிடம் இன்னொரு அரை ஷிப்டு கேட்பது சுலபம். இரண்டு பேர் ஒன்றரை பார்த்தால் மூன்றாவது ஆள் எதற்கு?

2023 ஏப்ரல் 21இல் தமிழகச் சட்டமன்றம் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. வாரம் 48 மணி மாறாது, நாலு நாள் வேலை மூணு நாள் லீவு என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. 24ஆம் தேதி நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள்.

அத்தையிடம் சொன்னேன். "போனது சரிடா. எட்டு மணிக்கே குடும்பம் நடத்துற கூலி குடுத்தா எவ ஒன்றரை பாப்பா?" என்றாள்.

கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது 1948 சட்டத்தின் 59ஆம் பிரிவு. அதை உள்ளபடி கொடுத்தால் மூன்றாவது ஆளை வைப்பதே முதலாளிக்கு மலிவு. அத்தைக்கு அரை ஷிப்டுக்குக் கிடைத்தது அரை ஷிப்டுக் கூலிதான்.