திமிங்கிலம் நடந்த காலம்

கூர்ப்பைப் பற்றி ஆரோடு கதைக்கத் தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: "குரங்கிலயிருந்து மனிசன் வந்தான் எண்டால், ஏன் இப்பவும் குரங்கு இருக்கு?" அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: "இடையில நிண்ட உயிரை ஆராவது கண்டிருக்கினமோ?" இரண்டுமே நல்ல கேள்விகள். பள்ளிக்கூடத்தில் டார்வினின் பெயரைப் பாடமாக்கிப் புள்ளி எடுத்த எங்களில் கனபேருக்கு இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாது. மனிதனைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத் திமிங்கிலத்தின் வரலாற்றைப் பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும். திமிங்கிலத்தின் பூட்டன் யார் என்பதில் எங்கள் ஒருவருக்கும் மானப் பிரச்சினை இல்லை, ஆகவே ஆறுதலாகக் கதைக்கலாம்.

திமிங்கிலம் மீன் இல்லை. நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி ஈன்று பால் கொடுக்கிறது. முலையூட்டி என்றால் அதன் மூதாதையர் தரையில் வாழ்ந்திருக்க வேண்டும். அப்படியெண்டால் அது எப்பிடிக் கடலுக்குப் போனது? 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் டார்வின் ஒரு ஊகத்தைச் சொன்னார். வட அமெரிக்காவில் கருங்கரடி ஒன்று மணிக்கணக்காக வாயைத் திறந்தபடி நீந்தி, நீரிலிருந்த பூச்சிகளைப் பிடித்துத் தின்றதை ஒருவர் பதிவு செய்திருந்தார். இப்படியான கரடி இனம் ஒன்று மெல்ல மெல்ல மாறித் திமிங்கிலம் போன்றதொரு விலங்காக வருவதில் தனக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை என்று டார்வின் எழுதினார். ஆட்கள் சிரித்தார்கள். பிந்திய பதிப்புகளில் அவர் அந்தப் பகுதியைச் சுருக்கிவிட்டார். காட்டுவதற்கு அவரிடம் ஒரு எலும்பும் இருக்கவில்லை.

ஆனால் பழைய திமிங்கிலம் ஒன்றின் எலும்புகள் அதற்கு முன்னரே கிடைத்திருந்தன. அமெரிக்காவில் தோண்டி எடுக்கப்பட்ட பெரிய முள்ளந்தண்டு எலும்பைப் பார்த்த றிச்சர்ட் ஹார்லன், அது கடலில் வாழ்ந்த இராட்சத ஊர்வன ஒன்றினுடையது என்று நினைத்து, 1834இல் அதற்கு 'பாசிலோசோரஸ்', அதாவது 'அரசப் பல்லி', என்று பெயர் வைத்தார். பிறகு எலும்புகளை இலண்டனுக்குக் கொண்டுபோய் றிச்சர்ட் ஓவனிடம் காட்டினார். ஓவன் 1839இல் பற்களைப் பார்த்தார். கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு வேர்கள் இருந்தன. அது முலையூட்டியின் அடையாளம். ஹார்லன் அதை ஏற்றுக்கொண்டார். பெயரிடும் விதிகளின்படி முதல் வைத்த பெயர்தான் நிலைக்கும் என்பதால் அந்தத் திமிங்கிலம் இன்றுவரை 'பல்லி'யாகவே இருக்கிறது.

அதற்குப் பிறகு நெடுங்காலம் இந்தக் கதை பெரிதாக நகரவில்லை. நகர்த்தியது பாகிஸ்தான். வட பாகிஸ்தானின் கோஹாட் பகுதியில் கிடைத்த மண்டையோட்டுத் துண்டு ஒன்றுக்கு பிலிப் ஜிஞ்சரிச்சும் டொனால்ட் ரசலும் 1981இல் 'பாக்கிசீற்றஸ்' என்று பெயரிட்டார்கள். வயது ஏறத்தாழ 50 மில்லியன் ஆண்டுகள். அது கிடந்தது தரை விலங்குகளின் எலும்புகளோடு, ஆற்றுப் படிவுகளில். ஆனால் அதன் காதெலும்பின் ஒரு விளிம்பு தடித்து, அடர்த்தியாக இருந்தது. அந்த அமைப்பு திமிங்கிலங்களுக்கே உரியதென்று அப்போது தெரிந்திருந்தது. 1994இல் அதே நாட்டிலிருந்து 'அம்புலோசீற்றஸ்' வந்தது. பெரிய பாதங்கள், உறுதியான பின்னங்கால்கள். நடக்கவும் நீந்தவும் கூடிய விலங்கு. இதற்கிடையில், 1989இல், எகிப்தியப் பாலைவனத்தின் வாதி அல்-ஹித்தானில் ஜிஞ்சரிச்சின் குழு பாசிலோசோரஸின் பின்னங்கால்களைக் கண்டெடுத்தது. 15 மீற்றருக்கும் கூடிய உடல், அதில் சின்னஞ்சிறிய கால்கள். தொடை எலும்பு, முழங்கால், விரல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அந்தக் கால்களால் அந்த உடலைத் தாங்கியிருக்கவே ஏலாது.

இந்த விலங்குகளில் ஒன்றுமே "நான் கடலுக்குப் போகப்போறன்" என்று முடிவெடுக்கவில்லை. ஒரே இனத்துக்குள்ளும் ஒவ்வொரு குட்டியும் சற்று வித்தியாசமாகப் பிறக்கும். நீரோரம் வாழும் கூட்டத்தில், நீரில் கொஞ்சம் நன்றாக இரை பிடிப்பவை கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலான குட்டிகளை விட்டுச்செல்லும்; அந்த இயல்பு குட்டிகளுக்கும் போகும். இதுதான் இயற்கைத் தேர்வு. பல மில்லியன் ஆண்டுகள் இது நடந்தால் மூக்குத் துவாரம் தலையின் மேற்பக்கம் நகரும், முன்னங்கால் துடுப்பாகும், பின்னங்கால் மறையும். முழுதாக மறையவும் இல்லை. திருகோணமலைக் கடலில் மேலே வந்து மூச்சு விடுகிற நீலத் திமிங்கிலத்தின் உடலுக்குள் இடுப்பெலும்பின் மிச்சம் இப்பவும் இருக்கிறது. டொல்பினின் முளையத்தில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றிப் பிறகு மறைந்துவிடுகின்றன.

சரி, தரையில் இவற்றின் சொந்தக்காரர் ஆர்? இங்கேதான் சண்டை வந்தது. பற்களின் ஒற்றுமையை வைத்து, அழிந்துபோன 'மெசோனிக்கிட்' என்ற ஊனுண்ணிகள்தான் என்று ஜிஞ்சரிச் உட்படப் பலர் நம்பினார்கள். 1990களில் டிஎன்ஏ ஆய்வாளர்கள் இல்லை, நீர்யானைதான் மிக நெருங்கிய உறவு என்றார்கள். 2001 செப்ரெம்பரில், ஒரே வாரத்தில், இரண்டு ஆய்வுகள் வெளியாகின. ஒன்று ஜிஞ்சரிச்சின் குழுவினுடையது, மற்றது ஹான்ஸ் தெவிசனின் குழுவினுடையது. இரண்டு குழுக்களும் பாகிஸ்தானில் ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளைக் கண்டெடுத்திருந்தன. அந்த எலும்பின் இரண்டு முனைகளும் கப்பி மாதிரி இருந்தன. இந்த அமைப்பு ஆடு, மாடு, பன்றி, மான், நீர்யானை அடங்கிய கூட்டத்துக்கே உரியது. தன் கையால் எடுத்த எலும்பே தன் கருத்தைப் பிழையாக்கியபோது ஜிஞ்சரிச் அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

இன்னொரு சாட்சி பெட்டிக்குள் கிடந்தது. காஷ்மீரின் காலாக்கோட் பகுதியில் இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் சேர்த்த கற்கள், உடைத்துப் பார்க்கப்படாமலே அவர் இறந்த பின்னும் இருந்தன. சில பற்களையும் தாடைத் துண்டுகளையும் வைத்து 1971இல் 'இந்தோஹையஸ்' என்று அவர் பெயரிட்ட சிறு விலங்கின் எலும்புகள் அந்தக் கற்களுக்குள் இருந்தன. கற்கள் அவருடைய மனைவி மூலம் தெவிசனிடம் போய்ச் சேர்ந்தன. சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதி தற்செயலாக உடைந்தது. உள்ளே அதே தடித்த காதெலும்பு! குளம்புள்ள, சிறு மான் போன்ற ஒரு பிராணியில் திமிங்கிலக் காது. 2007இல் இது வெளியானது.

ஆனால் இந்தோஹையஸ் திமிங்கிலத்தின் பாட்டன் இல்லை. கிடைத்த எலும்புகள் பாக்கிசீற்றஸை விட வயது குறைந்தவை. இருவரும் ஒரு பழைய குடும்பத்தின் இரண்டு கிளைகள். நீர்யானையும் அப்படித்தான்: 50 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்னர் பிரிந்த ஒன்றுவிட்ட சகோதரம். திமிங்கிலம் உருவானதால் நீர்யானை அழிய வேண்டிய தேவை இல்லை. உங்கட மச்சான் கனடாவுக்குப் போனதுக்காக நீங்கள் ஊரில இல்லாமல் போறேல்லையே. குரங்குக் கேள்விக்கும் இதே பதில்தான். இன்றைய குரங்கு எங்கள் தாத்தா இல்லை, உறவுக்காரர். இடையில் நிண்ட உயிரைக் கண்டார்களா எண்டு கேட்டால், கண்டிருக்கிறார்கள், கணுக்காலும் காதும் சேர்த்து. அடுத்த தடவை ஆராவது கேட்டால் கோபப்படாமல் திமிங்கிலத்தில் இருந்து கதையைத் தொடங்குங்கோ.