சண்டிகேஸ்வரர் கையில் இருக்கும் கோடரி

1/
சிவன் கோயிலுக்குப் போகிற எல்லாரும் ஒரு தடவையாவது இதைச் செஞ்சிருப்பீங்க.

பிராகாரம் சுத்தி வரும்போது வடக்குப் பக்கம், அபிஷேகத் தண்ணி வெளியே வர்ற கோமுகி பக்கத்துல, தெற்கு பார்த்த ஒரு சின்னச் சன்னதி. சண்டிகேஸ்வரர். கை தட்டுவோம். சிலர் சொடக்கு போடுவாங்க. சிலர் புடவையிலிருந்து ஒரு நூலைப் பிரிச்சுப் போடுவாங்க. "அவருக்குக் காது கேக்காது, சத்தமா தட்டு"ன்னு பாட்டி சொல்லியிருப்பாங்க.

அவர் கையில என்ன இருக்குன்னு என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?

கோடரி. பழைய பேர் மழு. இந்த நீளமான த்ரெட் அந்த மழுவைப் பத்தித்தான்.

2/
முதல்ல ஆப்பிரிக்காவுக்குப் போயிட்டு வந்துடுவோம். காரணம் இருக்கு.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில் லூபா மக்கள் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் பெரிய அரசை ஆண்டவர்கள். அவங்களோட கோடரிகள் இன்னிக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும், பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல டெர்வுரன் அருங்காட்சியகத்திலும் இருக்கு.

மரக் கைப்பிடி. உச்சியில் செதுக்கிய ஒரு பெண்ணின் தலை. அந்தத் தலையிலிருந்து இரும்பு அலகு வெளியே வரும். அலகில் நுணுக்கமான கோடுகள். சிலதுல கைப்பிடியைச் சுத்தித் தாமிரம்.

3/
அதை வெச்சு யாரும் விறகு வெட்டினதில்லை. தலைவர்களும் அரசுப் பதவியில் இருந்தவர்களும் குறி சொல்பவர்களும் தோள்ல சாய்ச்சுக்கிட்டு நடப்பாங்க. "இவர் இன்ன பொறுப்பில் இருக்கிறார்" என்பதற்கான அடையாளம் அது.

ஏன் குறிப்பா கோடரி? லூபா மக்களோட தோற்றக் கதையில இங்கொங்கோலோ என்று ஒரு கொடுங்கோல் மன்னன். அவனை வீழ்த்தி நல்லாட்சி கொண்டுவந்தவன் கலாலா இலுங்கா. அவனுடைய அப்பா, கிழக்கிலிருந்து வந்த வேட்டைக்காரர் இம்பிடி கிலுவே. இவங்க வழியாத்தான் உயர்ந்த இரும்புத் தொழில் வந்தது என்பது அவங்க நினைவு. அவங்களுக்கு இரும்பும் முறையான ஆட்சியும் சேர்ந்தே வந்த விஷயங்கள்.

4/
ரோமிலும் இப்படி ஒண்ணு இருந்தது. உயர் அதிகாரி நடக்கும்போது முன்னாடி ஆட்கள் ஒரு பிரம்புக் கட்டைத் தூக்கிட்டுப் போவாங்க. நடுவுல கோடரி சொருகியிருக்கும். ஆனா ரோம் நகர எல்லைக்குள்ள வந்துட்டா கோடரியை எடுத்துடணும். ஊருக்குள்ள, குடிமகன் தலையை அதிகாரி நினைச்ச மாத்திரத்தில் வெட்ட முடியாது, அவன் மக்களிடம் முறையிடலாம் என்று அர்த்தம்.

ரெண்டு இடத்திலும் ஆயுதம் ஒரு பதவிக்குச் சொந்தம். தூக்கிப் பிடிக்கிற மனுஷனுக்குச் சொந்தம் இல்லை. இதை மனசுல வெச்சுக்கிட்டு நம்ம ஊருக்கு வாங்க.

5/
நான் வேலை பார்க்கிறது கிண்டியில். இங்கிருந்து போரூர் வழியா போனா குன்றத்தூர். பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் பிறந்த ஊர். 12-ஆம் நூற்றாண்டு. சோழ மன்னரிடம் அமைச்சராக இருந்தவர் என்று மரபு. அரசாங்க வேலை பார்த்தவர் என்பதை மறக்காதீங்க. அவர் சொல்லும் சண்டேசர் கதை இது.

6/
மண்ணியாற்றங்கரையில் சேய்ஞலூர். அங்கே விசாரசருமர் என்று ஒரு சிறுவன். மாடு மேய்ப்பவன் பசுவை அடிப்பதைப் பார்த்துவிட்டு, தானே மேய்க்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறான். பசுக்கள் தாமாகப் பால் சொரிய, மணலில் லிங்கம் செய்து அந்தப் பாலை ஊற்றி வழிபடுகிறான்.

ஊரார் புகார் சொல்ல, அப்பா எச்சதத்தன் மரத்தில் ஒளிந்து பார்க்கிறார். கோபத்தில் மகனை அடிக்கிறார். அவன் கண்டுகொள்ளவில்லை. பூஜைக்கான பால் குடத்தைக் காலால் உதைக்கிறார். மகன் முன்னால் கிடந்த கோலை எடுக்கிறான். அது மழுவாக மாறுகிறது. அப்பாவின் கால் துண்டாகிறது.

7/
இங்க ஒரு நிமிஷம். வெட்டுக்காயத்தோட வர்றவங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத் தையல் போடுற ஆள் நான். அப்பாவை வெட்டினது சரின்னு சொல்ல வரலை. அந்தக் கட்டம் எப்பவும் உறுத்தும். உறுத்தணும்.

ஆனா கதை அதோட முடியலை. சிவன் வந்து, "இனி நானே உனக்கு அப்பா" என்று அணைத்துக்கொள்கிறார். அப்புறம் ஒரு பொறுப்பு கொடுக்கிறார்: என் தொண்டர்களுக்கெல்லாம் நீ தலைவன். நான் உண்டது, உடுத்தது, சூடியது எல்லாம் உன்னுடையது. சொல்லிவிட்டுத் தன் மாலையை எடுத்துச் சூட்டுகிறார். வெட்டுப்பட்ட எச்சதத்தனுக்கும் சிவலோகம் கிடைக்கிறது.

"சண்டீசர்" என்பது அந்தச் சிறுவனின் பெயர் கிடையாது. அது ஒரு பதவி. நம்ம பாஷையில சொன்னா போஸ்டிங்.

8/
அந்த மாலை சூட்டும் காட்சியைக் கல்லில் பார்க்கணுமா? கங்கைகொண்ட சோழபுரம் போங்க. ராஜேந்திர சோழன் கட்டியது, 11-ஆம் நூற்றாண்டு. சிவன் குனிந்து சண்டேசர் தலையில் மாலை சுத்துகிறார். சண்டேசர் உருவில் ராஜேந்திரனே இருக்கிறான் என்று வாசித்த அறிஞர்களும் உண்டு. அதற்கு முன்னாடியே, பல்லவர் கட்டிய காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் இந்தக் காட்சி இருக்கு.

அவ்வளவு தூரம் வேண்டாம்னா எழும்பூர் அருங்காட்சியகம் போங்க. வேளாங்கண்ணியில் கிடைத்த சண்டிகேஸ்வரர் செப்புத் திருமேனி அங்கே இருக்கு.

பொதுவா இந்தச் செப்புத் திருமேனிகள்ல ஒரு விஷயம் கவனிங்க. கை ரெண்டும் கூப்பியிருக்கும். மழு கையோட சாஞ்சு சும்மா நிக்கும். ஓங்கின மழு இல்லை. லூபா தலைவர் தோளில் சாய்ந்த கோடரி மாதிரியேதான்.

9/
இப்போ கல்வெட்டுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

சோழர் காலத்தில் கோயிலுக்கு நிலம் வாங்கினாலும் வித்தாலும் யார் பேர்ல பத்திரம்? சாமி பேர்ல இல்லை. ராஜா பேர்லயும் இல்லை. ஆதிசண்டேசுவரர் பேர்ல! கோயில் நில விற்பனைக்குச் "சண்டேசுவரப் பெருவிலை" என்று பேரே உண்டு.

10/
தஞ்சை பெரிய கோயில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளைப் பாருங்க. ஊர்ச் சபைகள் கோயில் பணத்தைக் கடனாக வாங்குகின்றன. கடன் கொடுப்பவர் சண்டேசுவரர். வட்டி, ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு. அதாவது எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். 100 காசு வாங்கினால் வருஷம் 12½ காசு கட்டணும்.

அந்த வட்டியில் சாமி நீராடும் தண்ணீருக்கு ஏலரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்கியதுகூடக் கல்லில் பதிவாகியிருக்கு.

11/
ஏன் இப்படி ஒரு ஏற்பாடு?

ராஜா செத்துப் போவார். அதிகாரி மாறுவார். சபை உறுப்பினர் மாறுவார். கணக்குக்கு உரியவர் மட்டும் மாறக் கூடாது. அதுக்கு ஒரு நிரந்தரப் பேர் வேணும். யாரைப் போடலாம்? பொதுச் சொத்தைக் காலால் உதைத்தது சொந்த அப்பாவாக இருந்தாலும் விடாதவரைப் போடலாம்.

நான் கதையை இப்படித்தான் படிக்கிறேன். சொந்தக்காரன், தெரிஞ்சவன், ஊர்ப் பெரிய மனுஷன் யாருக்கும் விலக்கு கிடையாது என்பதை ஞாபகப்படுத்தத்தான் கணக்கர் கையில் மழு.

12/
இப்போ கை தட்டுவதன் அர்த்தம் புரியுதா?

அவருக்குக் காது நல்லாவே கேக்கும். உள்ளங்கையை மெதுவாத் தட்டிக் காட்டுவது, "சாமி சொத்தில் எதையும் எடுத்துட்டுப் போகலை, கை காலியா இருக்கு" என்று கணக்குக் காட்டுவது. கிளம்பும் முன் நடக்கும் சின்ன ஆடிட். புடவை நூலைப் பிரிச்சுப் போட வேண்டியதே இல்லை. சன்னதி குப்பையாவதுதான் மிச்சம்.

13/
ஆஸ்பத்திரியிலும் இது இருக்கு. மார்ஃபின் மாதிரி மருந்துகள் ரெட்டைப் பூட்டுக்குள்ள இருக்கும். ஒரு ஆம்ப்யூல் எடுத்தா நோயாளி பேர், அளவு, கையெழுத்து எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறணும். ஊசி போட்ட பிறகு காலி ஆம்ப்யூலையும் திருப்பிக் கொடுக்கணும். எத்தனை பெரிய டாக்டரா இருந்தாலும் இதுதான் விதி.

புதுசா வர்ற ஹவுஸ் சர்ஜன்கள் "என்ன சார், நம்மளை நம்ப மாட்டாங்களா?"ன்னு கேப்பாங்க. நம்பிக்கைப் பிரச்சனை இல்லை தம்பி. அந்த மருந்து உன்னோடதும் இல்லை, என்னோடதும் இல்லை. வலியில் படுத்திருக்கிறவரோடது. ஒரு ஆம்ப்யூல் காணாமப் போனா, யாரோ ஒரு கேன்சர் நோயாளி அந்த ராத்திரியைக் கத்திக்கிட்டே கழிக்கணும்.

14/
காங்கோவின் கோடரிகள் பல, காலனி ஆட்சிக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போயின. கண்ணாடிப் பெட்டிக்குள் அழகா இருக்கு. ஆனா அதைத் தூக்கி நடந்தவரும் இல்லை, அதைப் பார்த்துத் தலைவணங்கிய ஊரும் இல்லை.

நம்ம மழு இன்னும் சன்னதியிலேயே இருக்கு. மயிலாப்பூர், திருவான்மியூர், வேளச்சேரி என்று எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் பார்க்கலாம். திருவிழாவில் பஞ்சமூர்த்திகள் புறப்படும்போது கடைசியா வர்றவரும் அவர்தான். அர்த்தத்தை மட்டும் நாம தொலைச்சுட்டு "செவிட்டுச் சாமி"ன்னு ஆக்கிட்டோம்.

15/
அடுத்த தடவை போகும்போது குழந்தைகளைக் கூட்டிட்டுப் போங்க. நூல் போடாதீங்க, சத்தம் போடாதீங்க. மழுவைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்க. அப்படியே வெளிச்சுவர்க் கல்வெட்டில் "சண்டேசுவர" என்ற எழுத்து தென்படுதான்னு தேடச் சொல்லுங்க.

பொதுச் சொத்துன்னா என்னன்னு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிடச் சுலபமான பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.