பெரிய பொருளுக்கும் குவாண்டம் விதி உண்டா? ஜான் கிளார்க்கின் ஆய்வுப் பயணம்

2025 அக்டோபர் 7ஆம் தேதி, அவ்வாண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டது. பரிசுச் செய்தியோடு குவாண்டம் கணினி என்ற சொல்லும் சேர்ந்தே வந்தது. ஆனால், பரிசுக்குரிய சோதனை நடந்ததோ 1984, 1985ஆம் ஆண்டுகளில். அன்று அந்த மூவரும் கணினி செய்யப் புறப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் முன் இருந்தது ஒரு கேள்வி மட்டுமே.

என்ன கேள்வி? அணு, எலெக்ட்ரான் போன்ற மிகச் சிறிய பொருள்கள் வினோதமாக நடந்துகொள்ளும். சுவரில் எறிந்த பந்து திரும்பி வரும்; எலெக்ட்ரானோ சில வேளைகளில் சுவரை ஏறிக் கடக்காமலே மறுபக்கம் போய்விடும். இதை ஊடுருவல் என்கிறார்கள். சரி, கோடிக்கணக்கான எலெக்ட்ரான்கள் ஒன்றாகச் சேர்ந்த, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு கருவியும் அப்படி ஊடுருவுமா? 1970களின் இறுதியிலிருந்து இதை அழுத்தமாகக் கேட்டு வந்தவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் அந்தோணி லெகட். எல்லாரும் படித்த பாடநூலின் அடித்தளத்தையே தொடும் கேள்வி அல்லவா இது?

பதில் தேடிய கிளார்க், 1942இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரையன் பிப்பார்டின் கீழ் ஆய்வு மாணவரானார். பிப்பார்டின் இன்னொரு மாணவர் பிரையன் ஜோசப்சன். இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய மின்கடத்தாப் படலம் இருந்தாலும், மின்னழுத்தமே இல்லாமல் அதன் வழியே மின்சாரம் பாயும் என்று 1962இல் கணக்குப் போட்டுச் சொன்னபோது ஜோசப்சனுக்கு வயது 22. டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு பெற்ற ஜான் பார்டீன் அதை எழுத்திலேயே மறுத்தார். 1963இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டர்சனும் ரோவலும் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர் சொன்னதே சரியாக இருந்தது!

கிளார்க்கின் ஆய்வுக்கு மிக நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் கருவி தேவைப்பட்டது. அவர் செய்தது எளிய வேலை. ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் பற்றவைக்கும் ஈயத்தை உருக்கி, நியோபியம் கம்பியின் மேல் ஒரு சொட்டு உறையவிட்டார். கம்பியின் மேலிருந்த ஆக்சைடு படலமே ஜோசப்சன் சொன்ன படலமாக வேலை செய்தது. நத்தை போலக் காட்சியளித்த அந்தச் சொட்டுக்கு 'ஸ்லக்' என்ற பெயரே நிலைத்தது. 1966இல் அது ஆய்விதழில் வெளியாயிற்று. 1968இல் முனைவர் பட்டம் பெற்ற கையோடு கிளார்க் அமெரிக்காவின் பெர்க்லிக்குச் சென்றார். அங்கேயே பேராசிரியராகவும் ஆனார்.

1980களின் தொடக்கத்தில் பாரிசிலிருந்து டெவோரே அவருடைய குழுவுக்கு வந்தார். மார்ட்டினிஸ் அப்போது ஆய்வு மாணவர். இதே திசையில் 1981லேயே ஐபிஎம் ஆய்வாளர்கள் வாஸும் வெப்பும் ஊடுருவலைக் கண்டதாக வெளியிட்டிருந்தார்கள். ஆனாலும் ஐயம் தீரவில்லை. ஏன் தெரியுமா? கருவியோடு இணைந்த கம்பிகள் வழியே அறையின் வெப்ப இரைச்சலும் நுண்ணலைகளும் உள்ளே புகுந்துவிடும். அந்த இரைச்சல் தள்ளிவிட்டாலும் மின்சுற்று சுவரைத் தாண்டும். பார்ப்பவருக்கு அது ஊடுருவல் போலவே தெரியும்.

ஆகவே பெர்க்லியில் பெரும்பாடு இரைச்சலோடுதான். செப்புத் தூள் நிரப்பிய குழாய்களுக்குள் கம்பியைச் செலுத்தி, நுண்ணலைகளை அங்கேயே விழுங்கவைத்தார்கள். கருவியின் தன்மைகள் ஒவ்வொன்றையும் அதே அமைப்பில் தனியே அளந்தார்கள். விடைக்கு ஏற்றபடி எண்ணை வளைக்க இடமே வைக்கவில்லை. அவர்கள் பெற்ற பெருமைக்கு இந்தப் பொறுமையே முதல் காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்னழுத்தம் எப்போது தலைகாட்டுகிறது என்று திரும்பத் திரும்ப அளந்தார்கள். குளிரக் குளிர அது தலைகாட்டுவது தாமதமாகிக்கொண்டே போனது. −273 டிகிரி செல்சியசை நெருங்கியபோதோ, அதற்கு மேல் எவ்வளவு குளிரவைத்தாலும் மாற்றமில்லை. வெப்பம் தள்ளவில்லை; மின்சுற்றே ஊடுருவி வந்தது. அடுத்து நுண்ணலையைப் பாய்ச்சினார்கள். குறிப்பிட்ட சில அதிர்வெண்களுக்கு மட்டுமே அது மசிந்தது. அணுவைப் போல அதற்கும் ஆற்றல் படிகள் இருந்தன! 1985இல் முடிவுகள் வெளியாயின.

படிகள் இருந்தால், அடிப்படி பூச்சியம், அடுத்த படி ஒன்று என்று கணக்கு எழுதலாம். இந்த எண்ணம் கைகூட 14 ஆண்டுகள் ஆயின. 1999இல் ஜப்பானின் என்இசி ஆய்வுக்கூடத்தில் நாகமுரா குழுவினர் மீக்கடத்திச் சுற்றில் முதல் குவாண்டம் பிட்டை இயக்கிக் காட்டினர். 2007இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெவோரேயும் சேர்ந்த குழு, இரைச்சலுக்கு எளிதில் கலங்காத 'டிரான்ஸ்மான்' சுற்றை வெளியிட்டது. 2019இல் மார்ட்டினிஸ் வழிநடத்திய கூகுள் குழு 53 பிட்டுகள் கொண்ட சில்லில், மீத்திறன் கணினிக்கு 10,000 ஆண்டுகள் ஆகும் கணக்கை 200 விநாடிகளில் முடித்ததாக அறிவித்தது. இல்லை, இரண்டரை நாள் போதும் என்றது ஐபிஎம். நாளைய மருந்துகளையே கண்டுபிடித்துத் தரப்போவதாகப் பேசப்படும் இந்த இயந்திரங்கள் இன்னமும் தம் பிழையைத் தாமே திருத்தப் பழகும் நிலையில்தான் இருக்கின்றன.

கிளார்க்கோ அளவீட்டை விட்டு விலகவேயில்லை. மீக்கடத்தி வளையங்களால் ஆன 'ஸ்குவிட்' கருவிகளை அவர் குழு மேலும் மேலும் கூர்மையாக்கியது. மூளையிலிருந்து எழும் மிக மெல்லிய காந்தப் புலத்தை அளக்க ஸ்குவிட் பயன்படுகிறது. மிகக் குறைந்த காந்தப் புலத்திலேயே உடலைப் படம் பிடிக்கும் முறையையும் அவர் குழு செய்து காட்டியது. அவர் வளர்த்த ஸ்குவிட் பெருக்கிகள், பிரபஞ்சத்தின் இருண்ட பொருள் ஆக்சியான் என்னும் துகளாக இருக்குமோ என்று தேடும் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சோதனைக்கும் சென்றன. பரிசு வந்தபோது அவருக்கு வயது 83. ஆக்சியான் இன்னும் யாருக்கும் சிக்கவில்லை.