வயிற்றுச் சவ்வும் வராத பசியும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

எங்கட பெரிய மாமா வீட்டில் மூன்று வருஷமாக ஒரே வழக்கு. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த மாமா நாளைக்கு நாலு தடவை வயிற்றுக்குள் திரவப் பை ஏற்றி இறக்குகிறார். சோறு வந்தால் தள்ளி வைத்துவிடுவார். "இஞ்சாருங்க, ரெண்டு பிடியாவது தின்னுங்களேன். வேணுமெண்டுதான் பட்டினி கிடக்கிறீங்க" என்பா மாமி. "பசிக்குதில்ல புள்ள, நான் என்ன செய்ய" என்பார் அவர். இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று பார்க்கத்தான் பை டயாலிசிஸின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

நமது வயிற்றறையின் உட்புறத்தையும் குடல்களையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. நுண்ணிய குருதிக் குழாய்கள் நிறைந்த அந்தச் சவ்வையே வடிகட்டியாக்குவதுதான் பை டயாலிசிஸ். 'டயாலிசிஸ்' என்ற சொல்லை இரசாயனவியலுக்குத் தந்தவர் ஸ்கொட்லாந்தின் தோமஸ் கிரஹாம், ஆண்டு 1861. சவ்வொன்றின் வழியே சிறு துணிக்கைகள் கடந்துபோக, பெரியவை தங்கிவிடுவதை அவர் காட்டினார். 1877இல் ஜேர்மனியரான வெக்னர், விலங்குகளின் வயிற்றறைக்குள் செறிந்த சீனிக் கரைசலைச் செலுத்தினார். கரைசல் உடம்பிலிருந்து தண்ணீரை இழுத்துப் பெருகியது. இந்தச் சீனியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பின்பாதி அதைப் பற்றியதுதான்.

மனிதரில் இதை முதலில் முயன்றவர் ஜேர்மனியின் கேயோர்க் கன்ட்டர். 1923இல், சிறுநீர் வழி அடைபட்ட ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் உப்புக் கரைசலை ஏற்றி இறக்கினார். அவருக்குச் சற்றுச் சுகம் தெரிந்தது, ஆனால் நிலைக்கவில்லை. 1946இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஃபைன், ஃபிராங்க், செலிக்மன் என்ற மூவர், திடீரெனச் சிறுநீரகம் நின்றுபோன ஒரு நோயாளியை இந்த முறையால் பிழைக்க வைத்தார்கள். அக்காலத்தில் பெரிய எதிரி கிருமித் தொற்று. ஒவ்வொரு முறையும் வயிற்றைத் துளைக்க வேண்டும். துளைத்த வழியே கிருமி நுழையும். 1968இல் ஹென்றி டென்க்ஹொஃப் வடிவமைத்த மென்மையான சிலிக்கோன் குழாய் வயிற்றிலேயே நிரந்தரமாக இருக்கக்கூடியது. இன்றும் அவர் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள்.

அடுத்த பாய்ச்சல் 1976இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்டின் நகரில். பொறியியலாளர் ரொபர்ட் பொப்போவிச்சும் வைத்தியர் ஜெக் மொன்கிரீஃபும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 2 லீட்டர் திரவத்தை வயிற்றில் விட்டு, சில மணித்தியாலம் தங்கவைத்து, நாளைக்கு 5 தடவை மாற்றினால், 10 லீட்டரோடு ஒருவர் இயந்திரமே இல்லாமல் வாழலாம். கண்ணாடிப் போத்தலுக்குப் பதிலாக, மடித்து இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பையை டொரொண்டோவில் ஒரியோபொலொஸ் கொண்டுவந்தார். நோயாளி வீட்டுக்குப் போனார். ஹொங்கொங் 1985 முதல், இயலுமானவர்களுக்கு முதலில் பை டயாலிசிஸ் என்பதைக் கொள்கையாகவே வைத்தது.

இதுவரை கேள்வி ஒன்றுதான்: உடம்பிலிருந்து கழிவை எப்படி வெளியேற்றுவது? பை உடம்புக்குள் எதைப் போடுகிறது என்ற கேள்வி பின்னர்தான் உரமாக எழுந்தது. தண்ணீரை இழுப்பதற்கென்று பையில் குளுக்கோஸ் இருக்கிறது. அதில் நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் வரை சவ்வு வழியே குருதியில் சேர்ந்துவிடுகிறது. வாய் தொடாத சாப்பாடு அது! மாமா சோற்றைத் தள்ளிவைத்தும் அவருடைய வயிற்றில் கொழுப்புக் கூடியதன் காரணத்தை நான் இங்கேதான் கண்டேன்.

1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டின் என்ற ஓமோனைக் கண்டுபிடித்தது. 'மெலிந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். கொழுப்புக் கலங்கள் இதைச் சுரக்கின்றன. "போதும், இனிச் சாப்பிட வேண்டாம்" என்று மூளைக்குச் சொல்வது இதன் வேலை. வேலை முடிந்த லெப்டினைக் குருதியிலிருந்து அகற்றுவதில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது. அது செயலிழந்தால் லெப்டின் தேங்குகிறது. பையின் சீனியால் கொழுப்புக் கூட, சுரப்பும் கூடுகிறது.

கூடவே அழற்சி. காய்ச்சல் வந்தவனுக்குச் சோறு கசப்பதை எல்லாரும் அறிவோம். சிறுநீரக நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாமலே உடம்பு அப்படியொரு நிலையில் கிடக்கிறது. அழற்சியின் தூதுப் பொருட்கள் பசியை அடக்கும், தசையைக் கரைக்கும், குருதியில் அல்புமின் புரதத்தைக் குறைக்கும். போதாததற்கு, வெளியேறும் திரவத்தோடும் தினமும் கொஞ்சம் புரதம் போகிறது. போசாக்கின்மை, அழற்சி, நாடிகள் தடித்து அடைபடுதல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துவருவதை 1999 அளவில் சுவீடன் ஆய்வாளர் ஸ்டென்விங்கெலும் சகாக்களும் எடுத்துக்காட்டினார்கள். அல்புமின் குறைந்தால் "ஒழுங்காச் சாப்பிடல்ல" என்று நோயாளியை மட்டும் குற்றஞ்சாட்டிய காலம் அதோடு மாறத் தொடங்கியது.

அதே 1999இல் ஜப்பானில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் கண்டறியப்பட்டது. 2005இல் இலண்டனில், போசாக்குக் குறைந்த 9 பை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதை ஊசியாக ஏற்றிப் பார்த்தார்கள். அந்த வேளைச் சாப்பாடு கூடியது. சிறிய பரிசோதனைதான், அது வழமையான மருந்தாகிவிடவில்லை. ஆனாலும் எங்கட வீட்டு வழக்குக்கு அது முக்கியமான சாட்சி. ஓமோனை மாற்றியதும் கை சோற்றுக்குப் போனதென்றால், அதற்கு முன் போகாமல் இருந்தது பிடிவாதமா?

வயிற்றில் 2 லீட்டர் தண்ணியைச் சுமப்பவருக்கு இடமும் குறைவு என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே, பசியில்லை என்று நோயாளி சொன்னால் அதையும் காய்ச்சலைப் போல ஒரு நோய்க்குறியாக எடுத்து, கிளினிக்கில் சொல்ல வேண்டும். எங்காவது தொற்று இருக்கிறதா, டயாலிசிஸ் போதுமா, பையின் சீனி அளவை மாற்றலாமா என்று வைத்தியர் பார்ப்பார். சீனிக்குப் பதிலாக மாப்பொருளிலிருந்து செய்த ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசலும் 1990களிலிருந்து பாவனையில் உண்டு.

இதையெல்லாம் மாமியிடம் என் பாஷையில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "அப்ப இவ்வளவு நாளும் நான் சும்மாதானே ஏசியிருக்கன்" என்றா. இப்போது ஒரு கோப்பைச் சோற்றைக் கொண்டுவந்து வைப்பதில்லை. பை இறக்கி வயிறு லேசாக இருக்கும் நேரம் பார்த்து, முட்டையின் வெள்ளையோ ஒரு துண்டு மீனோ கொடுக்கிறா. இறங்கிய தண்ணி தெளிவா, கலங்கலா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் அவதான். கலங்கினால் தொற்று என்று அவவுக்குத் தெரியும்.